‘44 வயதிலேயே கிழவி ஆகிவிட்டேனா?’ – ஒரு வாசகிக்குப் பதில்

வாசகியின் கடிதம் நீளமானது. பெயர், ஊர், அலுவலகம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 44. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மூத்த ஊழியர். கணவர், 15 வயது மகள், 12 வயது மகன். ‘எனக்கு வயசாகிவிட்டது’ என்ற எண்ணம் ஆறு மாதமாக விடாமல் துரத்துகிறது என்கிறார். ஆரம்பித்தது அலுவலகத்தில். 2003-ல் பிறந்த ஒரு பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அவளுக்குக் கணினியில் ஏதோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, கோப்பைச் சேமிக்கும் பொத்தானைக் காட்டி, “இந்தச் சதுரப் படம் என்ன மேடம்?” என்று கேட்டாளாம். ஃபிளாப்பி என்று இவர் விளக்கியதும், “நிஜமாவே அப்படி ஒண்ணு இருந்துச்சா?” என்று ஆச்சரியப்பட்டிருக்கிறாள். ‘அவள் பிறந்த வருடம்தான் நான் முதல் வேலையில் சேர்ந்தேன். பை நிறைய ஃபிளாப்பி தூக்கிக்கொண்டு அலைந்தது நேற்று மாதிரி இருக்கிறது’ என்று எழுதுகிறார்.

அதே வாரம் பேருந்தில் ஒரு கல்லூரி மாணவன் எழுந்து, “உட்காருங்கம்மா” என்று இடம் கொடுத்தான். போன வருடம் வரை எல்லாருக்கும் அக்காவாகத்தான் இருந்தாராம். அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் படுகிறது. மருந்துச் சீட்டைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கிறார். தரையிலிருந்து எழும்போது தன்னையறியாமல் ‘அம்மாடி’ வருகிறது. தெரிந்தவர்களின் பெயர் நாக்கு நுனி வரை வந்து நின்றுவிடுகிறது. பள்ளியில் படித்தபோது வந்த பாட்டு, ‘பழைய பாடல்கள்’ வரிசையில் ஒலிக்கிறது. ‘44 வயதில் உடல் ஒரேயடியாகச் சரிகிறது, ஆராய்ச்சியே சொல்கிறது’ என்ற காணொளி ஒன்றையும் யாரோ அனுப்பிவைத்திருக்கிறார்கள். வீட்டில் “எங்க காலத்துல” என்று வாயைத் திறந்தால் மகள், “ஆரம்பிச்சுட்டாங்கப்பா” என்கிறாள். இனிமேல் பழைய கதை எதுவும் பேசுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்.

கேட்டிருப்பது மூன்று. இந்த மறதி மூளைக் கோளாறின் ஆரம்பமா? பழைய கேசட்டுகளும் கடிதங்களும் கிடக்கும் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டால் மனம் தெளியுமா? அலுவலகத்தில் புதிய கணக்கு மென்பொருளுக்குப் பயிற்சி தருகிறார்கள். முடித்தால் குழுவை நடத்தும் பொறுப்பு கிடைக்கும். ஆனால் பிரிவின் தலைவர், “இதெல்லாம் சின்னப் பசங்களுக்குத்தான் சரிவரும், உங்களுக்கு எதுக்குச் சிரமம்” என்கிறார். விலகிக்கொள்ளலாமா?

கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இன்னும் சில வரிகள்: ‘பத்து மாதத்துக்கு முன் அண்ணன் தவறிவிட்டார். மாரடைப்பு, 46 வயது. அந்தப் பெட்டியில் நாங்கள் இரண்டு பேரும் 1992-ல் பேசிப் பதிவு செய்த கேசட் ஒன்று இருக்கிறது. கேட்கத் தைரியம் இல்லை.’

அன்புச் சகோதரிக்கு,

அந்தப் பொடி எழுத்து வரிகளுக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். அவற்றை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்ற எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன்.

முதலில் பேருந்து. இடம் கொடுத்த பையனுக்கு 19, 20 வயது இருக்கும். அவனுடைய அம்மாவுக்கும் உங்கள் வயதுதான் இருக்கும். அவன் உங்கள் முகத்தில் முதுமையைக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. தன் வீட்டுக் கணக்கில் உங்களை வைத்தான், அவ்வளவே. ஆனாலும் வலித்தது, இல்லையா? அதற்கு ஒரு காரணம் உண்டு. 2006-ல் டென்மார்க் மக்களிடம் எடுத்த ஒரு ஆய்வில், 40-ஐத் தாண்டியவர்கள் தங்கள் வயதைவிடச் சுமார் 20 சதவீதம் இளமையாக உணர்வதாகத் தெரியவந்தது. அந்தக் கணக்கில் உங்கள் மனதுக்கு இப்போது 35. மனதில் 35-ஆக இருப்பவரிடம் ஒருவர் 44-க்கு உரிய மரியாதையைக் காட்டும்போது சுருக்கென்றுதான் இருக்கும். அது உங்கள் பலவீனம் இல்லை, பொதுவான மனித இயல்பு.

2003 நேற்று மாதிரி இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், சுமார் 10 வயதிலிருந்து 30 வயது வரையிலான காலம் மட்டும் மேடு தட்டி நிற்கும். முதல் வேலை, முதல் சம்பளம், நெருங்கிய சிநேகம், தனியாகப் போன முதல் பயணம் எல்லாம் அங்கேதான் குவிந்து கிடக்கின்றன. நினைவு தெளிவாக இருந்தால், ‘இது ரொம்ப நாள் ஆகியிருக்காது’ என்று மனம் தப்பாகக் கணக்குப் போடுகிறது. அதன் பிறகு வந்த வருடங்களில் ஒரு நாள் இன்னொரு நாளைப் போலவே போவதால், திரும்பிப் பார்க்கும்போது அவை சுருங்கித் தெரிகின்றன. பழகிய தடத்தில் ஓடும் நாட்கள் நினைவில் தங்காமல் கரைவதால்தான் வயது ஏற ஏற வருடம் குறுகுகிறது என்று உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே எழுதிவிட்டார். 1.44 எம்பி மட்டுமே கொள்ளும் அந்தச் சதுரத் தகட்டை 22 வயதுப் பெண் பார்த்ததில்லை என்பது அவள் பிறந்த தேதியைப் பற்றிய செய்தி மட்டும்தான்.

கண், முழங்கால், மறந்துபோன பெயர்

மருந்துச் சீட்டை எட்டப் பிடிப்பது வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயது ஏற ஏற இறுகி, கிட்டத்தில் குவியும் வல்லமையை இழக்கிறது. 40-களில் ஏறக்குறைய எல்லாருக்கும் வரும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், போடாமல் சமாளிப்பதால் கண் இளமையாகிவிடாது, தலைவலிதான் மிஞ்சும். எழும்போது வரும் ‘அம்மாடி’க்கு மருந்து, தொடைக்கும் இடுப்புக்கும் வலு தரும் பயிற்சி. 30-களிலிருந்தே தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. ஆனால் எந்த வயதில் பயிற்சி தொடங்கினாலும் தசை அதற்கு மறுமொழி தரும்.

பெயர் மறப்பது பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நடுவயதில் முதலில் நழுவுவது பெரும்பாலும் ஆட்களின் பெயர்தான். ‘தச்சர்’ என்றால் தொழிலோடு, கருவியோடு, மரத்தோடு மனம் அதை இணைத்து வைத்திருக்கும். ஒருவரின் பெயருக்கு அப்படிப் பிடிமானம் எதுவும் இல்லை. நாக்கு நுனியில் நின்ற பெயர் அரை மணி கழித்துத் தானாக வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது அழியவில்லை, எடுத்துத் தருவதில்தான் தாமதம். நான் கவலைப்படுவது வேறு மாதிரியான அறிகுறிகளைக் கண்டால்: கேட்ட கேள்வியையே சற்று நேரத்தில் மறுபடி கேட்பது, பல வருடம் போய்வந்த வழியில் திசை தெரியாமல் நிற்பது, கண்ணை மூடிக்கொண்டு முடிக்கும் கணக்கில் தொடர்ந்து பிசகுவது, இதையெல்லாம் உங்களைவிடக் கூட இருப்பவர்கள் முதலில் கவனிப்பது. உங்கள் கடிதத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

இருந்தாலும் ஒரு முறை பொது மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, பி12 வைட்டமின் குறைவு, தூக்கக் கேடு, மனச்சோர்வு எல்லாமே மறதியாகத் தலைகாட்டும். எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. மாதவிடாய் முன்பின்னாகிறதா, இரவில் வியர்த்து விழிப்பு வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மாதவிடாய் பெரும்பாலோருக்கு 45-லிருந்து 55-க்குள் நிற்கும். அதற்குச் சில வருடம் முன்பே ஹார்மோன் ஏற்ற இறக்கம் தொடங்கிவிடும். அந்தக் காலத்தில் கவனம் சிதறுவதாகவும் மறதி கூடுவதாகவும் பல பெண்கள் சொல்கிறார்கள். மகளிர் மருத்துவரிடம் கூச்சப்படாமல் பேசுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று: அண்ணனுக்கு 46-ல் மாரடைப்பு வந்ததை மருத்துவரிடம் முதல் வரியாகச் சொல்லுங்கள். அப்பாவுக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன் இதய நோய் வந்திருந்தால், அதை உங்களுக்கும் ஒரு அபாயக் காரணியாக மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. மறதியைப் பற்றி நீங்கள் பட்ட பயத்தில் பாதியை இந்தப் பரிசோதனைமேல் வைத்திருந்தால் நான் நிம்மதி அடைந்திருப்பேன்.

அந்தக் காணொளி

அது 2024-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு ஆய்விலிருந்து பிறந்தது. 25 முதல் 75 வயது வரையிலான 108 பேரிடம் சில வருடங்கள் மாதிரிகள் எடுத்து, உடலில் உள்ள மூலக்கூறுகளும் நுண்ணுயிர்களும் எப்படி மாறுகின்றன என்று பார்த்தார்கள். சுமார் 44, 60 ஆகிய வயதுகளை ஒட்டி மாற்றங்கள் கூடுதலாகத் தெரிந்தன. 40-களில் தெரிந்தவை மது, காஃபின், கொழுப்பு ஆகியவற்றை உடல் கையாளும் விதத்தோடும், இதயம், தோல், தசையோடும் தொடர்புடையவை. அந்த வயதில் மாறும் வாழ்க்கை முறையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். 44-வது பிறந்தநாளன்று கதவு சாத்தப்படுகிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை.

அண்ணன்

இப்போது உங்கள் பொடி எழுத்துக்கு வருகிறேன். வயதைப் பற்றிய பயம் ஆறு மாதமாக என்கிறீர்கள்; அண்ணன் போய்ப் பத்து மாதம். இந்த இரண்டையும் நீங்கள் ஒரே பக்கத்தில் எழுதவில்லை. நான் சேர்த்துத்தான் படிக்கிறேன். இன்னும் இரண்டு வருடத்தில் அவர் போன வயதை நீங்களும் தொடுவீர்கள். தம்பி தங்கைகளுக்கு இந்தக் கணக்கு உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே சொல்ல வராது. அது வெள்ளெழுத்தாகவும் முழங்காலாகவும் பேருந்து ‘அம்மா’வாகவும் முகம் காட்டும்.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. உங்கள் சிறுவயதுக்கு அவர்தான் சாட்சி. “அது நினைவிருக்கா?” என்று கேட்டால், “ஏன் இல்லை, அன்னிக்கு நீ கீழே விழுந்தியே” என்று அடுத்த வரியைச் சொல்லக்கூடியவர். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் அந்த வருடங்கள் நீங்கள் சொல்லித் தெரிந்தவைதான். கூடச் சேர்ந்து நினைக்க ஆள் இல்லாதபோது, சொந்த நினைவே எங்கோ எட்டாத் தொலைவில் இருப்பதுபோல் ஆகிவிடுகிறது. நீங்கள் ‘வயசாகிவிட்டது’ என்று சொல்வதில் பெரும்பங்கு இதுதான் என்று நினைக்கிறேன். இறந்தவரின் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் ஆறுதல் சொல்ல ஊரே வரும். கல்யாணமாகித் தனிக்குடும்பமாக இருக்கும் தங்கையை யாரும் ‘நீ எப்படி இருக்கிறாய்’ என்று கேட்பதில்லை. அவருக்காக நீங்கள் அழ இடமே கிடைத்திருக்காது.

பழையதை நினைப்பது தவறு, முதுமையின் அடையாளம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். 1688-ல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் ஊர் ஏக்கத்தை ஒரு நோயாகவே எழுதிவைத்தார். அந்தப் பார்வை வெகுகாலம் மறையவில்லை. 1963-ல் ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர், முதியவர்கள் பழசைப் பேசுவது புத்தி தளர்வு அல்ல, தம் வாழ்க்கையைத் தாமே பரிசீலிக்கும் இயல்பான வேலை என்று வாதிட்டார். 2006 முதல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் செய்துவரும் ஆய்வுகளில், தனிமை உணர்வு கூடும்போது பழைய நினைவு வருகிறது என்றும், அந்த நினைவே மற்றவர்களோடு பிணைந்திருக்கும் உணர்வைத் திரும்பத் தருகிறது என்றும் தெரிகிறது. நீங்கள் வாயைக் கட்டிக்கொண்டது, மருந்தை நிறுத்திக்கொண்டது மாதிரி.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆறு மாதத்துக்கு மேலாகத் துக்கம் தினசரி வாழ்க்கையையே முடக்கிப்போட்டால், அதை ஒரு தனிக் கோளாறாகவே உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியல் சேர்த்திருக்கிறது. நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்கிறீர்கள். அந்த நிலையில் இருப்பதாகத் தெரியவில்லை. தூக்கமோ பசியோ தொடர்ந்து கெட்டால், எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால், ‘நானும் போய்விட்டால் என்ன’ என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப் பார்த்தாலும்கூட, அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள்.

பெட்டியும் கேசட்டும்

தூக்கிப் போடாதீர்கள். துக்கம் இவ்வளவு புதிதாக இருக்கும்போது, திரும்பப் பெற முடியாத எந்த முடிவும் வேண்டாம் என்பதுதான் நான் எல்லாரிடமும் சொல்வது. இன்னும் ஒரு வருடம் கழித்தும் பெட்டி வேண்டாம் என்று தோன்றினால், கடிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேசட்டை மட்டும் தள்ளிப்போட முடியாது. பிரதி எடுப்பது வேறு, கேட்பது வேறு. கேட்கத் தைரியம் வரும்வரை காத்திருக்கலாம். காந்த நாடா உங்களுக்காகக் காத்திருக்காது. 33 வருட நாடா வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டுக்கொண்டே போகும். முதலில் கேசட்டின் பின்விளிம்பில் இரண்டு மூலையிலும் உள்ள சின்னப் பிளாஸ்டிக் பற்களைப் பாருங்கள். இன்னும் இருந்தால் உடைத்துவிடுங்கள். தவறுதலாக அதன்மேல் வேறு எதையும் யாரும் பதிவு செய்துவிட முடியாது. தூசி படிந்த பழைய டேப் ரெக்கார்டரில் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். நாடாவைச் சிக்கவைத்து அறுத்துவிடும். நாடா தளர்ந்திருந்தால், அந்தக் காலத்தில் செய்தது மாதிரியே பென்சிலைப் பல்சக்கரத்தில் செருகி மெதுவாகச் சுற்றி இறுக்குங்கள். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு உதிர்ந்திருந்தாலோ வெள்ளைப் பூஞ்சை தெரிந்தாலோ நீங்கள் கை வைக்க வேண்டாம். பழைய நாடாக்களை டிஜிட்டலுக்கு மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஒலியைச் சுருக்காத கோப்பாகக் கேட்டு வாங்கி, இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு எப்போது கேட்பது? உங்களுக்குத் தோன்றும்போது. ஆனால் தனியாக, நடு இரவில் வேண்டாம். அண்ணியிடமும் அண்ணன் பிள்ளைகளிடமும் இப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லுங்கள். 14 வயதில் தங்கள் அப்பாவின் குரல் எப்படி இருந்தது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களும் தயாரா என்று கேட்டுவிட்டு, ஒரு நாள் சேர்ந்து உட்காருங்கள். நீங்கள் தேடும் புதிய சாட்சிகள் அங்கேதான் கிடைப்பார்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் மகள் விஷயம் சின்னது. “எங்க காலத்துல” என்று ஆரம்பிக்கும் கதை, பாதிக்கு மேல் “நீங்களும் இருக்கீங்களே” என்றுதான் முடியும். அந்த முடிவு தெரிந்திருப்பதால்தான் பிள்ளைகள் ஆரம்பத்திலேயே வெட்டிவிடுகிறார்கள். ஒப்பிடாமல் கதையை மட்டும் சொல்லிப் பாருங்கள். மாமாவும் நீங்களும் வானொலி அறிவிப்பாளர் மாதிரி பேசி, பேட்டரி தீர்ந்து திட்டு வாங்கியது போன்ற கதைகள். குடும்பக் கதைகளை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்னம்பிக்கையும் கூடுதலாக இருக்கிறது என்று எமோரி பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கதைதான் காரணம் என்று அவை அறுதியிட்டுச் சொல்லவில்லை. நஷ்டம் ஒன்றும் இல்லையே.

பயிற்சி

இதில் என் கருத்து தெளிவானது: போங்கள். குழுவை நடத்தும் பொறுப்பே உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் ‘வயசாகிவிட்டது’ என்ற காரணத்துக்காக மறுத்தால், பழைய மென்பொருள் எடுக்கப்படும் நாளில் உங்கள் அனுபவத்துக்கு அங்கே இடம் குறைந்திருக்கும். புதிய திரை பழக உங்களுக்குச் சின்னவர்களைவிடச் சில நாள் கூடுதலாகலாம். ஆனால் எந்தப் பதிவு எங்கே போய்ச் சேர வேண்டும், எந்த எண் பார்த்தவுடனே தப்பு என்று சொல்லும் அறிவு உங்களிடம் இருக்கிறது; அது எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரப்படுவதில்லை. அந்த 22 வயதுப் பெண்ணோடு ஜோடி சேருங்கள். அவள் திரையைக் காட்டட்டும், நீங்கள் கணக்கைக் காட்டுங்கள்.

தலைவர் அக்கறையில்தான் சொல்லியிருக்கலாம். ஆனாலும் வயதைக் காட்டி ஒருவரைப் பயிற்சியிலிருந்து ஒதுக்குவது பாரபட்சம். ஆங்கிலத்தில் அதற்கு 1969-ல் ‘ஏஜிசம்’ என்று பெயர் சூட்டியவரும் மேலே சொன்ன பட்லர்தான். பல நாடுகளில் இதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அளவு மாறுபடும். உங்கள் நிறுவன விதிகளில் என்ன இருக்கிறது என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். இப்போதே புகாராகக் கொண்டுபோக வேண்டாம். உறவைக் கெடுத்துக்கொள்ளாமல் முடியக்கூடிய விஷயம் இது. ஆனால் வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

‘புதிய மென்பொருள் பயிற்சியில் கலந்துகொள்ள விரும்புகிறேன். என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்குப் பிறகு பழகிப் பார்க்கச் சில நாள் கூடுதல் அவகாசம் கிடைத்தால் உதவியாக இருக்கும்.’ இவ்வளவு போதும். வயது, அண்ணன், மறதி எதையும் அதில் எழுத வேண்டியதில்லை. பெயர் கொடுக்கக் கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை என்கிறீர்கள். வியாழக்கிழமையே அனுப்பிவிட்டு, நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சேர்க்கப்படாமல் போனால் காரணத்தையும் எழுத்திலேயே கேட்டு வாங்கி, எனக்கு மறுபடி எழுதுங்கள்.